ஒய்.பி. வம்சமும் தியாகி ஆண்டிச்சாமியும்

இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: இந்திய விடுதலைப் போராட்டம் 1947இல் முடிந்துவிட்டது என்று பாடப்புத்தகங்கள் சொல்வது தவறு. அதன் கடைசிச் சண்டை 1993ஆம் வருடம் தை மாதத்தில், இராஜபாளையம் ரயில் நிலையத்தில், சைக்கிள் செயின், வாழைமரம், சரளைக்கல், கொதிக்கும் நீராவி ஆகிய ஆயுதங்களோடு நடந்தது. வெள்ளைக்காரர் யாரும் கலந்துகொள்ளவில்லை. அவர்கள் இல்லாத குறை தெரியாதபடி நம்மவர்களே கவனித்துக்கொண்டார்கள்.

இந்தப் போரின் தளபதி பேண்டேஜ் முதலாளி தவசிமுத்து. போரின் காரணம் அவருடைய தகப்பனார், தியாகி ஆண்டிச்சாமி.

ஆண்டிச்சாமி தியாகியானது 1984இல். அதுவரை அவர் வெறுமனே இறந்துபோனவர். அந்த வருடம் பேண்டேஜ் உற்பத்தியாளர் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல் வந்தது. தவசிமுத்துவிடம் தறிகள் இருந்தன, புல்லட் இருந்தது, யாரையும் ஒரே அறையில் உட்கார வைக்கும் வலது கை இருந்தது. குலப்பெருமை என்று ஒன்றுதான் இல்லை. யோசித்தார். தகப்பனார் ரயிலில் அடிபட்டுச் செத்தது ஊரறிந்த விஷயம். ரயில் வந்து அவரை இடித்ததா, அவர் போய் ரயிலை இடித்தாரா என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அவர்தான் போய் இடித்தார் என்று தவசிமுத்து தீர்மானித்தார். ஒரு மனிதன் எதற்காகப் போய் ரயிலை இடிப்பான்? நாட்டுக்காகத்தான். நாட்டுக்காக என்றால் எப்போது? 1942இல்தான். இவ்வளவையும் அவர் ஒரு சவரம் முடிவதற்குள் கண்டுபிடித்தார்.

பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் சிலை எழும்பியது. செய்தவர் கொத்தனார் ஐயாதுரை. அதற்கு முன் மாடித் தண்ணீர்த் தொட்டிகளில் சிங்கமும் தாமரையும் செய்துகொண்டிருந்தவர்.

“எஞ்சின் எப்பிடி இருக்கணும் மொதலாளி?” என்று கேட்டார் ஐயாதுரை.

“ஸ்டேசன்ல நிக்குதுல்லா, போய்ப் பாருலே. கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?”

ஐயாதுரை போய்ப் பார்த்தார். செங்கோட்டை வண்டியோடு நின்ற எஞ்சினை, கும்பிடப் போன சாமியைப் பார்ப்பதுபோல் நிதானமாகப் பார்த்து, சிமெண்டில் இறக்கினார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவர் ஆதலால் முகப்பில் எழுதியிருந்த ஒய்.பி. என்ற எஞ்சின் ரகத்தின் எழுத்துகளையும் நம்பரையும் ஒரு சுழி பிசகாமல் வரைந்தார். தியாகி எஞ்சினைவிடக் குள்ளமாக இருக்கக் கூடாது என்பது தவசிமுத்துவின் கட்டளை. அதனால் எஞ்சின் தியாகியின் இடுப்பு வரைக்கும்தான் வந்தது. வலது கையை நீட்டி, தெருநாயை அதட்டுவதுபோல் ஆண்டிச்சாமி அதைத் தடுத்துக்கொண்டிருந்தார். கீழே கல்வெட்டு: ‘1942 ஆகஸ்டில் அந்நியரின் இந்த எஞ்சினை மார்பால் தடுத்து வீரமரணம் எய்தியவர்.’

அதன்பிறகு சங்கத் தலைவர் பதவிக்குப் போட்டியே இல்லை. தெருவுக்குப் பெயர், முகப்பில் தோரணவாயில், கல்யாணப் பத்திரிகைகளில் ‘தியாகி மகன்’ என்ற அடைமொழி எல்லாம் தானாக வந்தன. சந்தேகம் வந்தவர்களுக்குத் தவசிமுத்து கையால் விளக்கம் சொன்னார். ஆண்டிச்சாமியைக் கள்ளுக்கடையில்தான் பார்த்திருப்பதாகச் சொன்ன டீக்கடைக்காரருக்கு முன்பல் இரண்டு போயிற்று. ‘மார்பிலயா முதுகிலயா பட்டுச்சு?’ என்று விவரம் கேட்ட தறிக்காரனை நாடா வீசும் கட்டையால் அடித்ததில் அவனுக்கு ஒரு காது கேட்காமல் போனது. வரலாறு இப்படித்தான் உறுதிப்படுகிறது.

தொண்ணூற்று இரண்டின் கடைசியில், இந்தத் தடத்தில் கரி எஞ்சின் நிற்கப்போகிறது, இனி டீசல்தான் என்று பேச்சு கிளம்பியது. உடனே வழியனுப்பு விழாக் குழு அமைந்தது. தலைவர், சொல்லவே வேண்டாம். மலர் ஒன்று போட வேண்டும், அதில் ஒய்.பி. எஞ்சின்களின் வரலாறு இடம்பெற வேண்டும் என்று முடிவானது. எழுதும் பொறுப்பு ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூட வரலாற்று வாத்தியாராக இருந்த வேதசிரோமணிக்குப் போனது. அவருக்கு எஞ்சின் என்றால் பைத்தியம். அவர் வகுப்பு எடுக்கையில் ரயில் ஊதினால் பாண்டியர்களை அப்படியே விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போய்விடுவார்.

மனிதர் முப்பது வருடமாக ராஜாக்களைப் பற்றியே பாடம் நடத்தியவர். எஞ்சினையும் அதே தடத்தில் ஓட்டினார். ‘ஒய்.பி. வம்சம்: தோற்றம். ஆட்சிச் சிறப்பு. குடிமக்களோடு உறவு. வீழ்ச்சிக்கான காரணங்கள்.’ தோற்றம் என்ற தலைப்பில், ‘பாரதம் விடுதலை பெற்றபின், 1949 வாக்கில் அமெரிக்க தேசத்தில் பிறந்து கப்பலேறி வந்த இவ்வம்சம், பின்னர் ஜாம்ஷெட்பூரில் பல்கிப் பெருகி, மீட்டர் கேஜ் மண்டலம் முழுவதையும் ஒரு குடைக்கீழ் ஆண்டது’ என்று எழுதியிருந்தார். ‘டீசல் படையெடுப்பு’ என்ற கடைசிப் பகுதியை எழுதும்போது அவர் அழுததாக அவர் மனைவி அன்னாள் சொன்னாள்.

தவசிமுத்து அச்சுக்குப் போகுமுன் மலரை முழுக்கப் பார்த்தார். பார்த்தார் என்றால், தன் படம் எந்தப் பக்கம், தகப்பனார் படம் எந்தப் பக்கம், மச்சான் சோலைராஜ் படம் இரண்டையும்விடச் சின்னதாக இருக்கிறதா என்று பார்த்தார். எழுத்துகளைப் பார்ப்பது அவருடைய வழக்கமில்லை.

எழுத்துகளைப் பார்த்தவர் சோலைராஜ். தவசிமுத்துவின் மனைவி பரிபூரணத்துக்கு உடன்பிறந்த அண்ணன். ஸ்ரீவில்லிபுத்தூரில் புண்ணில் வைத்துக் கட்டும் காஜ் துணிக் கம்பெனி நடத்துபவர். சங்கத் தலைவர் நாற்காலியை ஒன்பது வருடமாக நின்றுகொண்டே பார்த்தவர். மலர் கைக்கு வந்த அன்று தேரடிப் பக்கத்து டீக்கடையில் பெஞ்சு மேல் ஏறி நின்று வாசித்தார்.

“கேட்டியளா? நாப்பத்தொம்பதுல பொறந்த எஞ்சின், நாப்பத்திரண்டுல வந்து எங்க மாப்ளையோட அப்பனை முட்டியிருக்கு. வயித்துல இருக்கும்போதே கொம்பு மொளச்சிருக்கும் போல!”

டீக்கடை சிரித்தது. சிரிப்பு டவுன் பஸ் ஏறி, டிரைவர் கண்டக்டர் உட்படப் பதினொரு கிலோமீட்டர் வந்து, இராஜபாளையத்தில் இறங்கியது. அன்று தவசிமுத்து சிலையைக் கடந்து போகையில் இரண்டு கல்லூரிப் பையன்கள் எஞ்சினின் எழுத்தைக் காட்டி ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். சிலை போனால் தெரு போகும், தெரு போனால் நாற்காலி போகும், நாற்காலி போனால் அவர் வெறும் தவசிமுத்து. வெறும் தவசிமுத்துவாக இருப்பது எப்படி என்றே அவருக்கு மறந்துபோயிருந்தது. ஒரு பையனைச் சட்டையைப் பிடித்து இழுத்துத் தியாகியின் காலடியிலேயே மிதித்தார். அந்தப் பையன் பேசிக்கொண்டிருந்தது கிரிக்கெட்.

அடுத்து புல்லட் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு விரைந்தது. பின்னால் அவருடைய கையாள், தறிக்காரன் வைகுண்டராஜ்.

வேதசிரோமணி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். “வாங்க மொதலாளி, ஒக்காருங்க” என்று எழுந்தவரை, தவசிமுத்து திரும்ப உட்கார வைத்தார். கண்ணாடி சுவரில் பட்டு உடைந்தது.

“வாத்தியாரே, ஒய்.பி. எப்பம் பொறந்துச்சு?”

“நாப்பத்தொம்பது.”

அறை.

“எப்பம்?”

“நாப்பத்தொம்பது மொதலாளி. சரியாத்தான்...”

இன்னொரு அறை. உதடு கிழிந்து ரத்தம் விடைத்தாளில் சொட்டியது. வருடம் தப்பாகச் சொன்ன பையன்களைப் பிரம்பால் விளாசி முப்பது வருடம் பழகிய மனிதர், வருடம் சரியாகச் சொல்லி அடிவாங்குவது எப்படி என்று இப்போதுதான் படித்தார். வைகுண்டராஜ் அவருடைய வலது கையை மேஜை விளிம்பில் வைத்து அழுத்தினான். மணிக்கட்டில் சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம்.

“நாப்பத்தொண்ணு!” என்று அலறினார் வேதசிரோமணி. “நாப்பத்தொண்ணு மொதலாளி! யுத்த காலம். ரகசியமா வந்து எறங்கியிருக்கு. யாருக்கும் தெரியாது!”

தவசிமுத்து அடிப்பதை நிறுத்தினார். ரகசியமாக வந்து இறங்கியிருக்கிறது! என்ன அழகான வரி. படித்தவன் படித்தவன்தான். “இதை மொதல்லயே எழுதியிருந்தா இம்புட்டு சோலி இல்லேல்லா?” என்று அன்போடு கேட்டார்.

அப்போது அடுப்படியிலிருந்து அன்னாள் வந்தாள். வந்த வேகத்தில் கையிலிருந்த பித்தளைச் செம்பை வீசினாள். அது தவசிமுத்துவின் புருவத்தைப் பிளந்து கீழே உருண்டது. “ஏலே, உங்கப்பன் ரயிலை நிப்பாட்டுனான்னா நீ இதை நிப்பாட்டுலே பாப்பம்!” என்று அடுத்து அம்மிக்குழவியைத் தூக்கினாள். தியாகி மகன் பின்வாங்கினார். சட்டையெல்லாம் ரத்தத்தோடு புல்லட் ஊருக்குத் திரும்பியது.

மலர்ப் பிரதிகள் அத்தனையிலும் 1949 மேல் 1941 என்று சீட்டு ஒட்டப்பட்டது. சோலைராஜிடம் இருந்த பிரதியில் மட்டும் ஒட்ட முடியவில்லை.

விழா நாளன்று ஒய்.பி. எஞ்சின் செங்கோட்டை வண்டியோடு இராஜபாளையத்துக்கு வந்து நின்றது. முகத்தில் சந்தனம் பூசினார்கள், குங்குமம் வைத்தார்கள், இரண்டு பக்கமும் குலையோடு வாழைமரம் கட்டினார்கள். கல்யாண மாப்பிள்ளையைப் போல அது பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்றது. டிரைவர் ரத்தினம் எட்டிப் பார்த்து, “செத்த நேரந்தான் சார். சிக்னல் விழுந்துட்டா போயிருவேன். பேசுறவிய சுருக்கப் பேசுங்க” என்றார். சுருக்கப் பேசுவது இந்த ஊர்ப்பக்கம் யாருக்கும் வராது என்று அவருக்கும் தெரியும்.

தவசிமுத்து மைக்கைப் பிடித்தார். புருவத்தில் தன் கம்பெனிப் பிளாஸ்திரி. “என் தகப்பனாரின் மார்பைப் பதம்பார்த்த இந்த எஞ்சினை நான் மன்னிக்கிறேன்” என்று ஆரம்பித்தார். கூட்டத்தில் நாலைந்து பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

“மன்னிக்கிறதுக்கு முன்னால அதோட வயசைக் கேளும் மாப்ள!”

கூட்டத்தின் பின்னாலிருந்து சோலைராஜ். கையில் சீட்டு ஒட்டாத மலர். சுற்றிலும் காஜ் கம்பெனி ஆட்கள். கைலிக்குள் ஏதோ மறைத்துவைத்திருந்தார்கள். அது மலர் இல்லை.

“மச்சான், மரியாதையாப் போயிரும். பொறவு பொண்டாட்டிக்கு அண்ணன்னுல்லாம் பாக்க மாட்டேன்.”

“நீரு தியாகி மகன்னா, நான் வெள்ளைக்காரன் மகன்யா!”

மைக் ஸ்டாண்டைத்தான் தவசிமுத்து முதலில் வீசினார். அது சோலைராஜுக்குப் பட்டிருந்தால் விஷயம் குடும்பத்தோடு முடிந்திருக்கும். நாதஸ்வரக்காரரின் மண்டையில் பட்டது. அவருக்கு மூன்று அண்ணன் தம்பிகள். அதற்குமேல் யார் யாருடைய ஆள் என்று யாருக்கும் தெரியவில்லை. கைலிக்குள்ளிருந்து சைக்கிள் செயின்கள் வந்தன. ஒரு செயின் வைகுண்டராஜின் கன்னத்தை வாயோரம் வரைக்கும் கிழித்தது. அவன் கிழிந்த கன்னத்தை ஒரு கையால் பொத்திக்கொண்டு மறுகையால் ஒருவன் கழுத்தை நெரித்தான். எஞ்சினில் கட்டிய வாழைமரங்களைப் பிடுங்கி அடித்துக்கொண்டார்கள். குலை அறுந்து விழுந்து பழம் மிதிபட்டு, அதில் வழுக்கியவர்கள் எழுந்திருக்குமுன் மிதிபட்டார்கள். தண்டவாளத்துச் சரளைக்கல் இரண்டு தரப்புக்கும் பொதுச்சொத்து. கல் பட்ட ஒருவன் கண்ணைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடினான். விரல் சந்தில் என்ன வழிகிறது என்று பார்க்க யாருக்கும் தைரியமில்லை.

தவசிமுத்து எஞ்சின் படியில் ஏறி, கரி தள்ளும் ஷவலை ஃபயர்மேன் கையிலிருந்து பறித்துக்கொண்டு குதித்தார். சோலைராஜ் திரும்பும்போது அது அவர் தாடையில் இறங்கியது. சோலைராஜ் வாய் ஒரு பக்கமாகத் தொங்க, உட்கார்ந்து, மணலில் பற்களைத் தேடினார். ஒன்பது வருட எரிச்சல் அடங்கிய மாதிரி தவசிமுத்துவுக்கு ஒரு நிம்மதி. ஷவலை இன்னொரு முறை ஓங்கினார்.

இறக்கவில்லை. காஜ் கம்பெனி ஆட்கள் பின்னாலிருந்து அவரைக் குண்டுக்கட்டாகத் தூக்கினார்கள்.

“அப்பன் நிப்பாட்டுனான்ல! மகன் நிப்பாட்டட்டும்லே! தூக்கி முன்னாடி போடுங்கலே!”

எஞ்சினுக்கு முன்னால், இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் அவர் விழுந்தார். முழங்கால் சிப்பி தண்டவாளக் கட்டையில் மோதி நகர்ந்தது. நிமிர்ந்து பார்த்தார். இவ்வளவு பக்கத்தில் அவர் எஞ்சினைப் பார்த்ததே இல்லை. இடுப்பு வரைக்கும் இல்லை அது. வானம் வரைக்கும் இருந்தது. சந்தனம் பூசிய அந்த வட்ட முகம் அவர்மேல் சூடாக மூச்சு விட்டது. ஓடிவிடத்தான் நினைத்தார். ஆனால் இரண்டு பக்கமும் ஊரே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அழுக்கு வேட்டியோடு எழுந்து, ஒரு காலை இழுத்துக்கொண்டு நின்று, வலது கையை நீட்டினார். பஸ் நிலையத்து வழியில் ஐயாதுரை செய்துவைத்த அதே நீட்டல். கை மட்டும் சிமெண்டாக இல்லை.

கூட்டத்தில் ஓங்கிய கைகள் ஒரு கணம் இறங்கின. அந்தக் கணத்தில் அவர் உண்மையாகவே தியாகி மகனாக இருந்தார்.

சிக்னல் விழுந்துவிட்டது. ரத்தினம் ஊதிப் பார்த்தார், கத்திப் பார்த்தார். ஒருவரும் விலகவில்லை, எஞ்சின்மேல் வேறு கல் விழ ஆரம்பித்தது. ஒரு கல் அவர் நெற்றியில் பட்டது. அவருக்கு 1942உம் தெரியாது, 1949உம் தெரியாது. செங்கோட்டைக்கு நேரத்துக்குப் போக வேண்டும் என்பது மட்டும் தெரியும். சிலிண்டருக்கு அடியில் இருக்கும் குழாய்களை மொத்தமாகத் திறந்துவிட்டார்.

இரண்டு பக்கமும் வெள்ளையாக நீராவி சீறியது. அடித்தவன், அடிபட்டவன் என்ற பேதம் அதற்கில்லை. முழங்காலுக்குக் கீழே வெந்துபோன ஊர், ஐயோ அம்மா என்று பிளாட்பாரத்தில் ஏறி உருண்டது. சிலர் வேட்டியை அவிழ்த்தெறிந்துவிட்டு, தோலும் கூடவே வருவதைப் பார்த்து மயங்கினார்கள். கை நீட்டி நின்ற தவசிமுத்துவுக்குத் தொடை வரைக்கும் வெந்தது. அவரை இழுத்து வெளியே போட்டது, எதிர்த் தரப்பு ஆட்கள்தான். எஞ்சின் நிதானமாக ஊதிக்கொண்டு, முகத்துச் சந்தனத்தோடு, செங்கோட்டைப் பக்கம் போயிற்று.

ஆஸ்பத்திரியில் மைத்துனர்களுக்கு அடுத்தடுத்த கட்டில். சோலைராஜின் தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். தவசிமுத்துவின் கால்களில் அவருடைய கம்பெனித் துணியையே சுற்றியிருந்தார்கள். அந்தத் துணி புண்ணோடு ஒட்டிக்கொள்கிறது என்று பலபேர் புகார் சொன்னதை அவர் என்றைக்கும் நம்பியதில்லை. இப்போது நர்ஸ் தினமும் அதை உரிக்க, தினமும் நம்பினார். அவர் கத்துகிறபோதெல்லாம் பக்கத்துக் கட்டிலில் சோலைராஜின் கண் சிரித்தது. வாயால் முடியாதே.

பரிபூரணம் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தூக்குவாளியைத் திறந்தாள். ஒருவருக்குக் கஞ்சி, ஒருவருக்குக் குழாய் வழியே கஞ்சித் தண்ணீர்.

“ஏங்க, கேளுங்க. ஒங்கப்பாவும் செத்துட்டாவ, எங்கப்பாவும் செத்துட்டாவ. ரெண்டு பேரும் எந்திரிச்சு வந்து இல்லைன்னு சொல்லப் போறாவளா? எங்கப்பாவையும் அந்தச் சிலைல ஒரு ஓரமா நிப்பாட்டிருங்க. எங்கண்ணன் வாயத் தொறக்க மாட்டான்.”

“எங்கனட்டி நிப்பாட்ட?”

“பின்னாடி. கொடி பிடிச்சுக்கிட்டு.”

சோலைராஜ் கையால் ஏதோ காட்டினார். கொடி உயரமாக இருக்க வேண்டுமாம்.

“எங்கப்பன் தலைக்கு மேல போகப்படாது,” என்றார் தவசிமுத்து.

தோள் வரைக்கும் என்று பேசி முடித்தார்கள். போலீஸ் வந்து கேட்டபோது இருவரும் வாழைப்பழத்தில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார்கள். அதில் பாதி உண்மையும் இருந்தது.

சித்திரையில் சிலைக்கு மறுதிறப்பு விழா நடந்தது. கொடியோடு இரண்டாவது தியாகி, ஐயாதுரையின் கைவண்ணம். தவசிமுத்து கக்கத்தில் கட்டையை ஊன்றி நின்றார். சங்கத் தலைவர் அவரே, செயலாளர் சோலைராஜ். வேதசிரோமணி வலது கை எலும்பு இன்னும் கூடாததால் வாயால் சொல்ல, யாரோ எழுதிய ‘ஒய்.பி. வம்சம், திருத்திய பதிப்பு’ வெளியிடப்பட்டது. யுத்தகால ரகசியமாக 1941இலேயே இந்தியாவுக்கு வந்துவிட்ட முதல் எஞ்சின்தான் ஆண்டிச்சாமியின் மார்பில் மோதியது, 1949இல் வந்தவை அதன் தம்பிகள் என்று அதில் ஆணித்தரமாக நிறுவப்பட்டிருந்தது. ஊர் கைதட்டியது. தட்ட முடியாதவர்கள் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினார்கள். எஞ்சினின் பிறந்த வருடத்தைப் பற்றி அதற்குப்பின் யாரும் வாய் திறக்கவில்லை.

தவசிமுத்து பிறந்தது 1946இல்.